எடை போட்டுப் பிரித்த பட்டறை

ஹாரன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியபோதே கோளாறு முன் அச்சில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன் டயர்கள் இரண்டும் வெளிப்பக்கம் புதிதாகவும் உட்பக்கம் வழுக்கையாகவும் இருந்தன. ஹாரன் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். நடுரோட்டில் காக்கை உட்கார்ந்திருந்தால்கூட ஹாரன் அடித்து மரியாதையாக எழுப்பிவிட்டுத்தான் போவார். தரை ஓடு ஏற்றும் தொழில். வண்டியும் அவருடையதே, ஓட்டுவதும் அவரே.

“அக்கா, கொஞ்சம் வேகம் எடுத்தாப் போதும், ஸ்டியரிங் கையை உதறுது. கம்பெனி சர்வீஸ்ல காட்டினேன், அச்சையே மாத்தணுங்கறாங்க. நீங்க ஒரு பார்வை பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்களும் மாத்தணும்னா மாத்திடறேன்.”

“வண்டியை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் போன் பண்றேன்.”

“நான் வேணா கூட நின்னு ஏதாவது பிடிச்சுக் குடுக்கறேனே.”

“வேணாம்.”

வேலை நடக்கும்போது வண்டிக்காரரைப் பக்கத்தில் விடுவதில்லை என்பது இந்தப் பட்டறை வழக்கம். என் கணவர் ஏற்படுத்தியது. சொந்த வண்டி கழன்று கிடப்பதைப் பார்த்தால் மனுஷனுக்கு முகம் செத்துவிடும், அதைப் பார்த்தால் நமக்குக் கை ஓடாது என்பார். அவர் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. ஹாரன் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போனார்.

முன் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும்; இன்னொருவர் அடியில் படுத்து, எது அசைகிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலுக்குள் நான் வந்ததே அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டு வந்தேன். ஆள் இல்லையென்று, “கொஞ்சம் கீழ படுத்துப் பாரு” என்றார் என் கணவர். புதுப்புடவையோடு படுத்தேன். அவர் நெம்பினார், நான் பார்த்துச் சொன்னேன். “உனக்குக் கண்ணு நல்லா இருக்கு” என்றார். ஆயுளுக்கும் அந்த மனிதர் என்னைப் புகழ்ந்தது அவ்வளவுதான். மற்ற பெண்களின் புருஷன்கள் இப்படிச் சொல்லும்போது வேறு அர்த்தத்தில் சொல்வார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நெம்ப ஆள் இல்லை. டயருக்கு அடியில் சின்ன ஜாக்கியை வைத்து, அச்சில் காந்தக்காலோடு ஒட்டி நிற்கும் ஒரு முள் கேஜைப் பொருத்தி, நானே ஜாக்கியை ஏற்றி, நானே குனிந்து முள்ளைப் பார்த்தேன். பட்டறையில் இன்று இருக்கும் கருவிகளில் பாதி இந்த ஜாதிதான், இன்னொரு ஆளுக்குப் பதிலாக நான் வாங்கி வைத்தவை. பிரேக்கை மிதிக்க ஆள் இல்லாததற்கு ஒரு ரப்பர் குழாய். கியர்பெட்டியைப் பிடிக்க ஆள் இல்லாததற்குச் சங்கிலியும் கப்பியும். ஆட்களும் வைத்துப் பார்த்தேன். என் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள். குழாயும் சங்கிலியும் என் வாய்க்குப் பயப்படுவதில்லை. பேச்சுக் கொடுத்தால் பதில் வராது என்பது ஒன்றுதான் குறை.

முள் எகிறியது. நினைத்தது சரி.

லாரியின் முன் அச்சு என்பது ஒரு நீளமான இரும்பு உத்தரம். அதன் இரண்டு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் பாகம், கதவு கீலில் திரும்புவதுபோல, ஒரு தடித்த இரும்புத் தண்டில் திரும்பும். அந்தத் தண்டுக்குக் கிங் பின் என்று பெயர். ஒழுங்காகக் கிரீஸ் வைக்காமல் ஓட்டினால் பின்னைச் சுற்றியிருக்கும் புஷ் என்னும் உலோக உறை தேய்ந்துவிடும், சக்கரம் தன்னிஷ்டத்துக்கு ஆடும். அச்சை மாற்ற வேண்டியதில்லை. பழைய பின்னைக் கழற்றி, புது புஷ்ஷும் புதுப் பின்னும் போட்டால் போதும். சொல்வது சுலபம். வெயிலும் மழையும் பட்டால் இந்தக் கிங் பின் அச்சோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைத் தள்ளி வெளியே எடுப்பதற்கென்றே ஒரு பிரஸ் உண்டு. அதில்தான் என் கதை மாட்டிக்கொண்டது.

என் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்து, பட்டறையை மூடிவிட்டு வந்துவிடுங்கள் என்பாள். போன மழைக்காலத்தில் நச்சரிப்பு தாங்காமல் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். “என்னால தனியா முடிக்க முடியாத வேலைன்னு ஒண்ணு வரட்டும். அன்னிக்கு ஷட்டரை இறக்கிட்டு வந்துடறேன்.” அவள் விடுவாளா? அதிலிருந்து ஒவ்வொரு போனிலும், “வந்துடுச்சாம்மா?” என்று கேட்கிறாள். அன்று மதியமும் கேட்டாள். “வண்டி ஒண்ணு வந்திருக்கு, முன் அச்சு” என்றேன். அவளும் இந்தப் பட்டறையில் தவழ்ந்தவள்தான். முன் அச்சு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். “முடிச்சதும் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாள்.

எங்கள் பட்டறைச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் ஒவ்வொரு கருவிக்கும் ஆணி அடித்து, அந்தக் கருவியின் உருவத்தை அதே அளவில் சுவரில் பெயின்டால் கோடு போட்டு வைத்திருந்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் சுவரே காட்டிக்கொடுக்கும். இப்போது அந்தச் சுவரில் பாதி வெறும் கோடுகள். தினமும் அந்தக் கோடுகளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் நான் சாப்பிடுகிறேன். திரும்பி உட்காரலாம்தான். திரும்பினால் ரோடு, அங்கே போகிறவர்கள் எல்லாரும் ஜோடியாகவே போவதுபோல் தோன்றும்.

அந்தப் பாதி போன கதை இது. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டறை. கணவர் போனதும் கொழுந்தன் என்னிடம் வந்து, “அண்ணி, நீங்க இனிமே கஷ்டப்பட வேணாம். வீட்டுல இருங்க. மாசாமாசம் நான் கொண்டுவந்து குடுத்துடறேன்” என்றான். நல்லபடியாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அடியில் படுத்துப் பார்த்தவளை உட்கார வைத்துச் சோறு போடுகிறானாம். பாதியைப் பிரித்துக் கொடு என்றேன். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. எடுத்துக்கோங்க என்றான்.

பிரித்துக் கொடுக்க வந்தவர் என் மாமியாரின் தம்பி, குடும்பத்துக்கே மூத்த மாமா. மளிகை மொத்த வியாபாரி. அவருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று, தராசு. “ஒரு பக்கம் கூடிச்சு, ஒரு பக்கம் குறைஞ்சுதுன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது” என்று சொல்லி, பழைய இரும்புக் கடையிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவரச் செய்து, சுவரில் இருந்ததை எல்லாம் கழற்றி, பருப்பு நிறுப்பதுபோல் நிறுத்தார். நானும் கொழுந்தனும் ஆளுக்கொரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். எது எதோடு சேரும் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

கிங் பின் பிரஸ்ஸின் கனத்த இரும்புச் சட்டமும், பின்னைத் தள்ளும் முளைகளும் கொழுந்தன் தட்டில் ஏறின. தட்டு தாழ்ந்தது. மாமா ஒரு கணம் யோசித்து, அதே பிரஸ்ஸின் பம்பையும் சிலிண்டரையும் தூக்கி என் தட்டில் வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது. “பாத்தீங்களா” என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். ஒரு குண்டுமணி அளவுகூட ஏமாற்றாத பங்கீடு. பம்பு இல்லாமல் சட்டம் வெறும் இரும்பு. சட்டம் இல்லாமல் பம்பு எதையும் தள்ளாது. அவன் தன் பங்கோடு வேறு இடத்தில் பட்டறை போட்டான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அவன் வீட்டுத் தெரு வழியாக நான் போவதுமில்லை.

மறுநாள் காலை சக்கரங்களைக் கழற்றி, சக்கரம் மாட்டும் ஹப்பை இறக்கி, பின்னை அச்சோடு பூட்டியிருக்கும் சின்ன ஆப்புகளைத் தட்டி எடுத்தேன். வலது பக்கத்துப் பின் கொஞ்சம் சூடு காட்டிச் சம்மட்டியால் நாலு போடு போட்டதும் இறங்கிவிட்டது. இடது பக்கம் மசியவில்லை. சூடு காட்டினேன், எண்ணெய் விட்டேன், அடித்தேன், திட்டினேன். என் திட்டுக்குக் கழன்றுவிடும் என்றால் அது எப்போதோ கழன்றிருக்கும். இதற்கு மேல் அடித்தால் பின்னின் தலை விரிந்து, பிறகு அது எதற்கும் வராது என்று கை சொன்னது. மணிக்கட்டு வேறு வீங்கிவிட்டது. சம்மட்டியை வைத்துவிட்டு, பட்டறை வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் கருவிக் கடை. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. எனக்கு நாற்காலி போட்டு, கம்ப்யூட்டரில் படம் படமாகக் காட்டினாள். எல்லாம் முழுச் செட்டு. சட்டம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றேன். “சட்டம் மட்டும் யாரும் கேட்டதில்லையேம்மா. பம்பு உங்ககிட்ட எப்படித் தனியா வந்தது?” என்றாள். என்ன சொல்வது? “சீதனமா வந்தது” என்றேன். அவள் சிரித்துவிட்டு, முழுச் செட்டு வேண்டுமானாலும் கப்பலில் வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றாள்.

பிறகு மற்ற பட்டறைகள். ஸ்பானர் கேட்டால் கொடுப்பார்கள், ஜாக்கி கேட்டால் யோசித்துக் கொடுப்பார்கள். கிங் பின் பிரஸ்ஸைக் கேட்டதும், பல் தேய்க்கும் பிரஷ்ஷை இரவல் கேட்டதுபோல் பார்த்தார்கள். ஒருவர், “வண்டியை இங்க கொண்டுவந்து விடுங்க, நாங்க பண்ணிக்கறோம்” என்றார். கழன்று கிடக்கும் வண்டியைத் தோளிலா தூக்கிக்கொண்டு போவது? இன்னொரு இடத்தில் ஃபோர்மேன், “ஒத்தைப் பொம்பளை, இந்த வேலையெல்லாம் ஏன் எடுக்கறீங்க?” என்று கேட்டார். அவரிடம் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அன்றைக்குத் தராசு கொண்டுவந்த அதே ஆள். நான் கேட்டதும் ஒரு இரும்புக் குவியல் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“போன வருஷம் உங்க கொழுந்தன் வந்து, சட்டம் இருக்கு, பம்பு வேணும்னான். எங்கிருந்தோ ஒண்ணு தேடிக் குடுத்தேன். சேரல, ஒழுகுச்சு. முன் அச்சு வேலை எடுக்க முடியாம பட்டறையையே மூடிட்டு, வெளியூர்ல ஏதோ கம்பெனி டிப்போல வேலைக்குச் சேந்துட்டான். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. சொல்ல யார் இருக்கிறார்கள்?

“சும்மா கெடக்கற சட்டத்தை எனக்குக் குடுத்துடுன்னு கேட்டேன்” என்றார் அவர். “தரமாட்டேன்னுட்டான். இப்ப என்ன பண்றான் தெரியுமா? வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கு பாருங்க, அதோட தகர மூடி காத்துல பறக்காம இருக்க மேல பாரம் வெச்சிருக்கான்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என் கணவர் வேலை முடிந்ததும் துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் மாட்டி வைத்த பிரஸ். தொட்டி மூடிக்குப் பாரமா? மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்துப் போகவா அன்று தராசில் ஏற்றிக் கொண்டுபோனான்? வேனைக் கிளப்பினேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குக் கிங் பின்னும் நினைவில் இல்லை, ஹாரனும் நினைவில் இல்லை. சண்டை போட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம்கூட அதில் கொஞ்சம் இருந்தது. சண்டைக்காவது ஒருவர் எதிரில் நின்று பேச வேண்டுமே.

அந்தத் தெரு மாறவில்லை. தொட்டி ரோட்டைப் பார்த்தபடி, கேட்டுக்கு வெளியிலேயே இருந்தது. மேலே தகர மூடி, மூடிமேல் சட்டம். வேனிலிருந்து இறங்கி நேராகப் போய், எவ்வளவு துரு என்று காட்டுவதற்காகவே அதன் மேல் கையை அழுத்தி இழுத்தேன்.

துரு வரவில்லை. கை முழுக்கக் கிரீஸ்.

புதுக் கிரீஸ், அதற்கடியில் பழசு, அதற்கும் அடியில் தூசியோடு கெட்டியான இன்னும் பழசு. அடுக்கடுக்காகத் தடவியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே இரும்பு, என் கணவர் மாட்டி வைத்தபோது இருந்தது போலவே பளிச்சென்று இருந்தது. நான் திட்டுவதற்காகத் திறந்த வாயை மூட மறந்து நின்றேன்.

வீட்டுக் கதவு திறந்தது. கொழுந்தன் மனைவி, எனக்கு ஓரகத்தி. முன்பைவிட இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

“வாங்கக்கா” என்றாள், நான் நேற்றும் வந்துபோனவள் போல.

“இதை ஏன் இங்க வெச்சிருக்கீங்க?” என்றேன். சண்டைக்குரல் இன்னும் போகவில்லை.

“அவர்தான் வெச்சாரு. உள்ள வெச்சா அண்ணி கேக்க வேண்டியிருக்கும், அவங்க கேக்கமாட்டாங்க, வெளியிலேயே இருந்தா எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னாரு. ரோட்டுல போகும்போது கண்ணுல படட்டும்னு கேட்டுக்கு வெளியவே வெச்சாரு. நீங்கதான் இந்தப் பக்கமே வரலியே.” கொஞ்சம் நிறுத்தி, “லீவுல வந்தா எம்மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டாரு, மொதல்ல இதுக்குத்தான் கிரீஸ். எனக்கே பொறாமையா இருக்கும்” என்றாள்.

நான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாள் அந்தச் சுவரின் கோட்டைப் பார்த்துக்கொண்டு, இவர்களைத் திட்டியபடியே தனியாகச் சாப்பிட்டிருப்பேன். அந்த நேரமெல்லாம் இது இங்கே கிடந்து, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

“தண்ணி குடிக்கறீங்களாக்கா?”

“குடு.”

தண்ணீரோடு ஒரு தகர டப்பாவையும் கொண்டுவந்தாள். திறந்தால், பின்னைத் தள்ளும் முளைகள். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் எண்ணெய் போட்டுச் சுற்றியிருந்தான்.

சட்டத்தைத் தூக்க ஒரு ஆளால் முடியாது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். “இடுப்பைக் குடுக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு” என்றேன். மூச்சுப் பிடித்து வேனில் ஏற்றினோம். பாரம் போனதும் தொட்டி மூடி காற்றில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அவள் ஒரு செங்கல்லைத் தேடி வைத்தாள்.

“இறக்க யாரு இருக்காங்க?” என்று கேட்டாள்.

“சங்கிலி இருக்கு.”

“சங்கிலியா? நானும் வர்றேன். இங்கயும் சுவரைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். இருங்க, வீட்டைப் பூட்டிட்டு வர்றேன்.”

பூட்டிவிட்டு வர நேரமானது. உள்ளே யாரோடோ போனில் பேசும் சத்தம் கேட்டது. வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள்.

“அவருக்குப் போன் பண்ணினேன். சட்டத்தை எடுத்துட்டுப் போறாங்கன்னேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.”

“என்ன?”

“அண்ணியே வந்தாங்களா, ஆள் அனுப்பினாங்களான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“அவங்களேதான் வந்தாங்க, சண்டை போட வந்தாங்கன்னேன். சிரிச்சாரு. அப்புறம், முளையில ஒண்ணு லேசா வளைஞ்சிருக்கு, அதைப் போட வேணாம்னு சொல்லுன்னாரு.”

எனக்குக் கண் மறைத்தது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் கிரீஸ். வேனை ஓரமாக நிறுத்தி, தோளில் முகத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டேன். ஓரகத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மரியாதை அவளுக்குத் தெரிந்திருந்தது.

பட்டறைக்கு வந்து சட்டத்தை அச்சின் முனையில் மாட்டினோம். பம்பை இணைத்தேன். தனித்தனியாகக் கிடந்தவை, ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் பொருந்தின. வளைந்த முளையை ஒதுக்கிவிட்டு நேரானதைப் போட்டேன். அவளைச் சட்டம் சாயாமல் பிடிக்கச் சொல்லி, எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று காட்டினேன். பிறகு பம்பை அடிக்க ஆரம்பித்தேன். சட்டம் முனகியது. இன்னும் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒரு இழுப்பு.

டமால் என்று ஒரு சத்தம். ஓரகத்தி பிடியை விட்டுவிட்டு என் முதுகைக் கட்டிக்கொண்டாள்.

ஒட்டிக் கிடந்த கிங் பின் விடும்போது அப்படித்தான் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு கூச்சல் போடுவார்கள், அடுத்த தெருவுக்குக் கேட்கும். இப்போது சத்தம் ஓய்ந்ததும் பட்டறை வெறிச்சென்று ஆனது. அந்த ஒரு கணம் என் கணவர் இல்லை என்பதை நான் புதிதாகத் தெரிந்துகொண்டதுபோல் இருந்தது. பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை.

“உடைஞ்சிடுச்சாக்கா?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“இல்ல. விட்டுடுச்சு.”

அதற்குப் பிறகு வேலை தடையில்லாமல் போனது. புது புஷ்களை ஏற்றி, புதுக் கிங் பின் சரியாக உட்காரும்படி உட்பக்கத்தைக் கடைந்து எடுத்தேன். கடையும் ரீமர் என் பங்கில் வந்தது, அதைத் திருப்பும் கைப்பிடி கொழுந்தன் பங்கு. அந்தக் கைப்பிடிக்குப் பதில் நான் குழாயை வைத்து வெல்டிங் பண்ணிய ஒன்று உண்டு. ஓரகத்தி அதைப் பார்த்து, “இதோட நிஜக் கைப்பிடியும் எங்க வீட்டுல கெடக்கு போலிருக்கே, கதவுக்கு முட்டு குடுத்திருக்கோம்” என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எவ்வளவு நாளாயிற்று அந்தப் பட்டறைக்குள் சத்தமாகச் சிரித்து. இருட்டுவதற்குள் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போது, பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். நான் கூப்பிடவில்லை. அவளும் காரணம் சொல்லவில்லை.

சக்கரங்களை மாட்டியதும் கடைசி வேலை, ஆட்டம் பார்ப்பது. ஜாக்கியையும் முள் கேஜையும் எடுக்கப் போனவள் நின்றேன். கடப்பாரையை எடுத்து ஓரகத்தியிடம் கொடுத்தேன்.

“இதை டயருக்கு அடியில விட்டு மேல நெம்பு. மெதுவா.”

நான் அடியில் படுத்தேன்.

“நெம்பிட்டேன்.”

“இன்னும் நெம்பு.”

“இதுக்கு மேல நெம்பினா நான்தான் மேல போவேன். என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“அது நல்லதா, கெட்டதா?”

“நல்லது” என்றேன். கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே படுத்திருந்தேன். அசையாத சக்கரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்புக் கால்கள் தெரிந்தன. அடியில் படுத்திருக்கும்போது வெளியே இரண்டு கால்கள் தெரிவது எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

ஹாரன் வந்து, பெரிய ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். கிளம்பும்போது காக்கையே இல்லாத ரோட்டில் நீளமாக ஒரு ஹாரன்.

அவர் திருப்பத்தில் மறைவதற்குள் மகளின் போன் வந்தது.

“என்னம்மா ஆச்சு, முன் அச்சு?”

“முடிஞ்சுது. இப்பதான் வண்டி போகுது.”

“தனியாவா?”

ஓரகத்தி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, கழற்றிய இடது பின்னைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தூக்கி எறிய வேண்டியதை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்டதற்கு, தொட்டி மூடிக்கு இனிமேல் பாரம் வேண்டாமா என்றாள். மூக்கில் கரி. ஆமாம், தனியாகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளுக்குத் தெரியப்போவதில்லை. ஷட்டர் என் ஷட்டராகவே இருக்கும். இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைதான் அது.

“இல்ல” என்றேன். “தனியா முடியல.”

ஜெயித்துவிட்டோம் என்று அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். குரல் இறங்கிப் போய்த்தான் வந்தது.

“அப்ப… வர்றீங்களாம்மா?”

“வர்றேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். பத்து நாள் இருந்துட்டு வர்றேன்.”

“பத்து நாளா? பட்டறையை மூடிட்டுன்னுதானே சொன்னீங்க?”

“ஷட்டரை இறக்கிட்டு வர்றேன்னுதான் சொன்னேன். திரும்பத் தூக்கமாட்டேன்னு சொன்னேனா? சாவியைச் சித்திகிட்ட குடுத்துட்டு வர்றேன். அவ பாத்துப்பா.”

“எந்தச் சித்தி?” என்றாள் என் மகள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“உனக்கு எத்தனை சித்தி இருக்காங்க?”

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, “போனை அவங்ககிட்ட குடுங்க” என்றாள். நான் போனை இரண்டு விரலால் பிடித்து நீட்டினேன். ஓரகத்தி கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விழித்துவிட்டு, கடைசியில் என் புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.